ஆலை வாசலோடு முடிந்துபோகும் வரலாறு

அரசியல், வரலாறு, இலக்கியம் குறித்துப் பேராசிரியர்கள் ஆற்றும் உரைகள் இன்று யூடியூபில் குவிந்து கிடக்கின்றன. இதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் நடக்கும் உரையை, சாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போன நான் இரவு பதினோரு மணிக்குப் பாயில் படுத்துக்கொண்டு கேட்கிறேன். பேருந்துக் காசு வேண்டாம், யாருடைய சிபாரிசும் வேண்டாம். இது பெரிய காரியம்தான். ஆனால் வாசல் திறந்திருக்கிறது என்பதற்காக, உள்ளே சொல்வதையெல்லாம் கைகட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டுமா?

எங்கள் மாவட்டத்தைப் பற்றி நான் கேட்ட உரைகளுக்கு ஏறக்குறைய ஒரே வார்ப்புதான். 1897-ல் கமுதிக் கோயில் நுழைவு. மறவர்கள் முதலான சாதியினர் நாடார்களின் வீடுகளைச் சூறையாடிய 1899-ஆம் ஆண்டு 'சிவகாசிக் கொள்ளை'. நாடார்களுக்கு எதிராக 1908-ல் பிரிவி கவுன்சில் தந்த தீர்ப்பு. பிறகு மகமை நிதி, பள்ளிக்கூடங்கள், வணிகம். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்புவதோடு கதை சுபமாக முடிந்துவிடும். கோயில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்ட ஒரு சமூகம் தலைநிமிர்ந்த கதை இது. பொய்யில்லை, அவசியம் சொல்லப்பட வேண்டியதும்கூட.

என் அத்தை பட்டாசு ஆலைக்குப் போகிறவர். ஆலைக்குள் செல்பேசி கொண்டுபோகக் கூடாது என்பதால் அவர் எதையும் கேட்பது ஞாயிற்றுக்கிழமைதான். ஒருநாள் என்னிடம், "என்னத்தடா எந்நேரமும் கேட்டுக்கிட்டே இருக்க?" என்றார். "நம்ம ஊரு வரலாறு, அத்தை" என்றேன். "நம்மளப் பத்தி என்ன சொல்றாரு?" என்று கேட்டார். ஒரு மணி இருபது நிமிட உரை அது. என்னிடம் பதில் இல்லை.

அந்தத் தீப்பெட்டி ஆலைக்குள் கட்டை அடுக்கியது யார்? பெட்டி ஒட்டியது யார்? இதற்குப் பதில் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. வத்திராயிருப்பு அருகே புதுப்பட்டியில் பிறந்த பாமா, 1994-ல் வெளிவந்த 'சங்கதி'யில் மைக்கண்ணி என்ற சிறுமியைத் தீப்பெட்டி ஆலைக்கு அனுப்பிக் காட்டியிருக்கிறார். பேராசிரியர்களுக்கு இந்த நூல் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதைப் பற்றியும் காணொளிகள் இருக்கின்றன. ஆனால் அவை 'இலக்கியம்' என்ற தலைப்பில் தனியே கிடக்கும். அங்கே மைக்கண்ணி பெண்ணியத்துக்கும் எடுத்துரைப்பு உத்திக்கும் ஓர் உதாரணம். ஆலையைக் கட்டியவரின் பெருமையைச் சொல்லும் வரலாற்றுப் பேராசிரியர் மைக்கண்ணியைத் தொடுவதில்லை. மைக்கண்ணியைப் பேசும் இலக்கியப் பேராசிரியர் ஆலை யாருடையது என்று கேட்பதில்லை. இரண்டு உரைகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாளியும் தொழிலாளியும் ஒரே ஊரில் இருந்தும் ஒரே உரையில் சந்திக்கவே மாட்டார்கள்.

இது தற்செயல் அல்ல. பார்ப்பனரைப் பெயர் சொல்லி விமர்சிப்பது தமிழ்நாட்டு மேடைகளில் பழகிப்போன ஒன்று. கல்லூரியின் பெயரிலேயே சாதி இருக்கும் எங்கள் மாவட்டத்தில் இடைநிலைச் சாதிகளைப் பெயர் சொல்வதுதான் கடினம். அங்கே வந்தவுடன் வாக்கியம் வளைகிறது. தலித்துகள் 'ஒடுக்கப்பட்டார்கள்' என்பார்கள். யாரால்? 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டதும், அதையொட்டிய படுகொலைகளும், இவர்கள் வாயில் வெறும் 'கலவரம்'. ஏதோ சம பலம் உள்ள இரண்டு தரப்பு மோதிக்கொண்டது போல!

இந்த நழுவலுக்கு விலை உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர் வெடித்துச் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர். ஒவ்வொரு முறையும் 'விபத்து' என்ற ஒரே சொல், ஒரு நிவாரணத் தொகை, ஓர் இரங்கல் செய்தி. உரிமம் யார் பெயரில் இருக்கிறது, உள்குத்தகைக்கு எடுத்தவர் யார், மருந்து கலக்கும் அறைக்குள் எந்தத் தெருக்காரர்கள் போகிறார்கள் என்பதெல்லாம் வரலாற்றுக் கேள்விகள். அவற்றை வரலாறாகச் சொல்லித் தராதவரை, சாவு விபத்தாகவே இருக்கும்.

நாடார் வரலாற்றிலேயே இதற்கு வேறொரு முன்மாதிரி இருக்கிறதே! இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். தன் சாதிக்குக் கிடைத்த அதிகாரத்தைத் தனக்குக் கீழே தள்ளப்பட்டவருக்காகப் பயன்படுத்தினார். 1931-ல் சுயமரியாதை மாநாடு நடந்ததும் இதே விருதுநகரில்தான். அந்த இயக்கத்தின் கூட்டங்களில் யார் வேண்டுமானாலும் சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பலாம், பேச்சாளர் பதில் சொல்லியாக வேண்டும். இன்றைய காணொளியில் பேராசிரியர் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார். கேமரா திருப்பிக் கேட்காது.

2021-ல் தில்லிப் பல்கலைக்கழகம் 'சங்கதி'யையும் சுகிர்தராணியின் கவிதைகளையும் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. வகுப்பறையிலிருந்து இவை துரத்தப்படும் காலத்தில், வகுப்பறைக்கு வெளியே பேசுகிறவர்களின் பொறுப்பு கூடுகிறது.

பேராசிரியர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாத்தூருக்கோ திருத்தங்கலுக்கோ வந்து, ஆலைத் தொழிலாளர்கள் முன்னால் இதே உரையை ஆற்றுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளையும் வெட்டாமல் பதிவேற்றுங்கள். தோழர்களே, நாமும் ஒரு நிமிடத் துண்டைப் பகிர்ந்துவிட்டு அரசியல் செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஊரில் பத்துப் பேர் சேர்ந்து கேளுங்கள். இடையில் நிறுத்தி, 'யாரால்?' என்று கேளுங்கள். உங்கள் அத்தைகளின் பேச்சைப் பதிவு செய்யுங்கள்.

"நம்மளப் பத்தி என்ன சொல்றாரு?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாத உரை, எவ்வளவு பெரிய அறிஞர் ஆற்றினாலும், எங்கள் ஊர் வரலாறு ஆகாது.