ஒயரையும் நிறுத்துப் பார்ப்போம்

செட்டியார் மிடுக்கா, சரக்கு மிடுக்கா என்று நம் பெரியவர்கள் கேட்டு வைத்தார்கள். துவரம் பருப்பைக் கையில் அள்ளிய உடனே புது வரத்தா, பழைய இருப்பா என்று சொல்லிவிடக் கூடியவர்கள் நாம். ஆனால் நம் கடையை விட்டு இறங்கி இன்னொரு கடைப் படியேறியதும் நாமும் வெறும் வாடிக்கையாளர்தான். அங்கே சரக்கைப் பார்க்காமல் பேச்சை வாங்கிக்கொண்டு வருகிறோம். வீட்டு ஸ்டீரியோவுக்கு ஒயர் வாங்கிய அனுபவத்தை வைத்தே இதைச் சொல்கிறோம்.

இரவு கடை அடைத்து வந்ததும் அரை மணி நேரம் பழைய பாட்டுக் கேட்பது நமது வழக்கம். வீட்டைப் புதுப்பித்தபோது ஸ்பீக்கர்களைத் தள்ளி வைக்க வேண்டி வந்தது. ஒயர் வாங்கப் போன இடத்தில், கண்ணாடி போல் மேலுறை போட்ட தடித்த ஒயரைக் காட்டினார்கள். "இதைப் போட்டால் பாடுகிறவர் எதிரில் உட்கார்ந்து பாடுவது போலிருக்கும் அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். சாதாரண ஒயரைப் போல் நான்கு மடங்கு விலை. பேரம்கூடப் பேசாமல் வாங்கி வந்தோம். பாட்டு முன்பு கேட்டது போலவேதான் இருந்தது.

மிச்சத் துண்டின் முனையைப் பிளேடால் சுரண்டியபோதுதான் சங்கதி தெரிந்தது. மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை. செம்புப் பூச்சுப் பூசிய அலுமினியம்! சந்தேகம் தீர, ஒரு மீட்டர் துண்டில் ஒரு கம்பியை உரித்து, ஏலக்காய் நிறுக்கும் தராசில் வைத்தோம். 1.5 ஸ்கொயர் என்று சொல்லித் தந்த சரக்கு அது. 1.5 சதுர மி.மீ. முழுச் செம்பு, மீட்டருக்கு 13 கிராமுக்கு மேல் நிற்க வேண்டும். இது 6 கிராம்கூட நிற்கவில்லை. அலுமினியத்தை விடச் செம்பு மூன்று மடங்குக்கு மேல் கனம். பேச்சு மறைத்ததைத் தராசு காட்டிவிட்டது.

ஸ்பீக்கர் ஒயருக்குப் பார்க்க வேண்டியவை மூன்றே: உலோகம், பருமன், நீளம். ஒயர் நீள நீள மின்தடை கூடும். தடிக்கத் தடிக்கக் குறையும். ஆம்ப்ளிபயரிலிருந்து ஸ்பீக்கர் 5 மீட்டர் தூரம் என்றால், போக வர 10 மீட்டர் கம்பி. 1.5 ஸ்கொயர் செம்பில் அதன் தடை சுமார் 0.12 ஓம்தான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது நூற்றில் ஒன்றரைப் பங்கு, காதுக்குத் தெரியாது. தூரம் கூடினாலோ, ஸ்பீக்கர் 4 ஓமாக இருந்தாலோ 2.5 ஸ்கொயர் போடலாம். வீட்டு ஒயரிங்குக்கு விற்கும், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள பல இழைச் செம்பு ஒயரே இதற்குப் போதும். இரண்டு ஸ்பீக்கரிலும் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று மாறாமல் இணைக்க வேண்டும். ஒன்றில் மாறினாலும் மத்தள ஒலியும் கனத்த ஒலியும் மெலிந்துவிடும். எவ்வளவு விலை கொடுத்த ஒயரும் இந்தத் தவறைச் சரிசெய்யாது.

பிளேயரிலிருந்து ஆம்ப்ளிபயருக்கு வரும் மெல்லிய ஒயர் வேறு வகை. அதில் சுற்றிலும் நல்ல வலை உறை இருக்க வேண்டும். கரண்டு ஒயரோடு ஒட்டிப் போகாமல் இருந்தால் இரைச்சல் வராது. முனையில் தங்க முலாம் பூசியிருந்தால் களிம்பு ஏறாது. அதுவே அதன் பயன். தங்கம் பாட்டை இனிமையாக்காது.

"எங்கள் காதுக்கு வித்தியாசம் தெரிகிறதே" என்பார் சிலர். மறுக்கவில்லை, ஒரு சோதனை செய்யட்டும். எந்த ஒயர் என்று சொல்லாமல் வீட்டுப் பிள்ளையை மாற்றி மாற்றி இணைக்கச் சொல்லிப் பத்துத் தடவை கேட்டோம். ஐந்து தடவைதான் சரியாகச் சொன்னோம். பூவா தலையா போட்டாலும் அவ்வளவு வரும்.

அலுமினிய ஒயர் விற்பதே தவறு என்று நாம் சொல்லவில்லை. பாமாயிலைப் பாமாயில் என்று விற்றால் யாருக்கும் வருத்தமில்லை. 1.5 செம்புக்குப் பதில் 2.5 அலுமினியம் போட்டால் ஸ்பீக்கருக்குச் சமாளித்துக்கொள்ளும். அலுமினியத்தைச் செம்பு என்று சொல்லிச் செம்புக்கு மேல் விலை வாங்குவதுதான் கடலை எண்ணெய்ப் பெயரில் பாமாயில் ஊற்றுகிற வேலை.

நம் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். பழைய இருப்பைப் புது வரத்து என்று நாமும் வாய் தவறாமலே ஒரு காலத்தில் சொன்னதுண்டு. வாங்கியவர் சண்டைக்கு வரவில்லை. அடுத்த மாதம் கடைக்கே வரவில்லை. நாமும் அந்த ஒயர்க் கடைக்குச் சண்டைக்குப் போகவில்லை. மறுபடி போகவும் இல்லை. அந்த வியாபாரிக்குத் தான் இழந்தது இன்றுவரை தெரியாது.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். எலெக்ட்ரிக்கல், ரேடியோ சாமான்கள் விற்கும் உறுப்பினர்கள் பில்லில் உலோகம், பருமன், நீளம் மூன்றையும் எழுதித் தரட்டும். "முழுச் செம்பு, 1.5, 10 மீட்டர்" என்று எழுத ஒரு வரி போதும். அந்த வரியை எழுதக் கை கூசாத சரக்கைத்தான் நாம் கடையில் வைக்க வேண்டும்.