கொழுந்து மடுவத்துத் தராசும் ரோபோ கட்டும் பிள்ளைகளும்

ரோபோ கட்டுவது வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் மலையகத்தில் இன்னும் இருக்கிறது. எஸ்.எல்.ஐ.ஐ.ரி. நடத்தும் ரோபோஃபெஸ்ட் போன்ற போட்டிகளில் பாடசாலை மாணவர்களும் பங்குபற்றுகிறார்கள். மஸ்கெலியாத் தோட்டங்களின் பிள்ளைகளுக்கோ அந்த மேடை வெகுதூரம். ஆனாலும், இந்த அறிவு நாட்டில் வேறு எவரையும்விட அவர்களுக்கே அவசரமாகத் தேவை என்று நான் நினைக்கிறேன். அதற்கான காரணம் கொழுந்து மடுவத்தில் இருக்கிறது.

2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. 2024இல் அது 1,350 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. சம்பளம் கூடியபோது பறிக்க வேண்டிய கிலோவும் கூட்டப்பட்டதாகத் தொழிலாளர்கள் முறையிட்டார்கள். குறித்த கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர்தான். மழைநீருக்கும் சாக்குக்கும் என்று கழிக்கப்படும் கிலோக்கள் பற்றிய சண்டை மிகப் பழையது. ஆக, வர்த்தமானியில் உள்ள சம்பளம் கைக்கு வருமா என்பதைத் தீர்மானிப்பது தராசுதான்.

பல தோட்டங்களில் அந்தத் தராசு இன்று மின்னணுத் தராசு. அதன் உள்ளே இருப்பதை ரோபோ கட்டப் பழகும் எந்த மாணவரும் அறிவார். பாரம் ஏறும்போது ஓர் உலோகத் துண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதில் ஒட்டிய மெல்லிய கம்பிகளின் மின்தடை மாறுகிறது. லோட் செல் எனப்படும் இந்தப் பாகம் தரும் மிகச்சிறிய மின்சைகையை ஒரு சிறு பலகை பெருக்கி எண்ணாக்குகிறது. அந்த எண்ணைக் கிலோவாக மாற்றுவது நிரல். 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்காக உருவான ஆர்டுயினோ பலகை இதற்குப் போதும். அதன் வரைபடம் எல்லோருக்கும் திறந்திருப்பதால் மலிவான நகல்களும் கிடைக்கின்றன.

இந்தத் தராசைச் செய்து பார்க்கும் பிள்ளை முக்கியமான ஒன்றைக் கண்டுகொள்ளும்: இரண்டு கிலோ கழிப்பதற்கு நிரலில் ஒரே ஒரு வரி போதும். மெசின் பொய் சொல்லாது என்று சொல்பவரிடம், அதற்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று அந்தப் பிள்ளை கேட்கும். மாணவர் செய்த தராசைக் கூலிக் கணக்குக்குப் பயன்படுத்த முடியாது. முத்திரையிட்ட தராசே சட்டப்படி செல்லும். அதற்கு அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் இருக்கிறது. ஆனால் எதைப் பரிசோதிக்கும்படி கேட்பது என்று தெரிந்தவர்தான் முறைப்பாட்டை உரிய இடத்தில் வைக்க முடியும்.

தராசோடு இது முடியப்போவதில்லை. தொழிற்சாலைகளில் கெமரா கொண்டு தேயிலையை நிறம் பிரிக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. மலையில் கத்தரிகளும் மின்கல வெட்டும் கருவிகளும் வந்திருக்கின்றன. இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது என்று கெமராவால் அடையாளம் காணும் ஆய்வுகள் சீனா உள்ளிட்ட நாடுகளில் நடக்கின்றன. காற்றில் ஆடும் கிளையும் செங்குத்துச் சரிவும் அந்த இயந்திரங்களுக்கு இன்னும் சவால்தான். ஆனாலும் ஒவ்வொரு கருவி வரும்போதும் ஒரு நாளைக்கு எத்தனை கிலோ என்ற கேள்வி திரும்ப எழும். அப்போது கம்பனி காட்டும் எண்களை வாசிக்கத் தெரிந்தவர்கள் தொழிலாளர் பக்கத்திலும் இருக்க வேண்டும்.

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் தொடங்கியது. தோட்டப் பிள்ளைகளில் பலர் உயர்தரம்வரை வருவதே இல்லை. ஆகவே எட்டாம், ஒன்பதாம் தரத்திலேயே இதைத் தொடங்க வேண்டும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிலும் ஆசிரியர்களுக்கு இதைப் பழக்கலாம். ஒரு பாடசாலைக்கு ஒரு மேசை, ஒரு பற்றாசுக்கோல், சில பலகைகள் போதும். சந்தாப் பணம் வாங்கும் தொழிற்சங்கங்களுக்கு இது பெரிய செலவல்ல. கூட்டத்துக்குக் கொடி கட்டும் காசில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கும்படி அங்கத்தவர்களே கேட்கலாம்.