சுண்ணாம்புப் பூச்சும் சிறைவாசமும்

மூடவிருக்கும் பழைய மதுக்கடையை ஊர் ஜனங்களே வாங்கிக்கொள்ள அவகாசம் தரும் சட்டம் 2011ல் இங்கிலாந்தில் வந்தது. அங்கே மதுக்கடை ஊர்க்கூடமும்கூட.

செஞ்சி தாலுகா வல்லத்துப் பனையேறிக்கு என்ன கிடைத்தது? 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை! கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் கள், கேஸ், ஜெயில். ஆனால் 2003 முதல் சர்க்காரே டாஸ்மாக் கடை நடத்தி, ஆலை முதலாளிகளின் சரக்கைச் சில்லறையில் விற்கிறது.

கள்ளைத் திறந்தால் விஷச்சாராயம் பெருகும் என்கிறார்கள். 2023ல் மரக்காணத்திலும், 2024ல் கள்ளக்குறிச்சியிலும் உயிர் குடித்தது மெத்தனால் அல்லவா? அப்போதும் கள்ளுக்குத் தடை இருக்கத்தானே செய்தது?

குடியால் அழிந்த குடும்பங்களை நாம் அறிவோம். குடிக்குப் பரிந்து பேசவில்லை. கேரளத்தில் கள் இறக்கும் தொழிலாளிக்கு 1969ம் வருஷச் சட்டப்படி சேமநல நிதியே உண்டு. இங்கும் பனையேறிகளின் கூட்டுறவுச் சங்கத்திடம் கள்ளை ஒப்படையுங்கள் என்றே கேட்கிறோம்.