கொள்ளைக்காரன் வேஷமும் கொள்ளை மகிழ்ச்சியும்



வளர்ந்த மனிதர்கள் வேஷம் கட்டி விளையாடலாமா? அதுவும் போயும் போயும் கொள்ளைக்காரன் வேஷம்! "வேலையத்தவங்க பண்ற வேலை" என்று நம்மில் பலர் ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிடுவோம். எனக்கு அந்தத் தீர்ப்பில் சம்மதம் இல்லை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆபீஸ் போகிறவர், லாரி ஓட்டுகிறவர், பள்ளி ஆசிரியை, பாட்டி, பேரன் என்று ஆயிரக்கணக்கான பேர் வருஷா வருஷம் கடற்கொள்ளையராக மாறுகிறார்கள். 2012 ஜூலை 22 அன்று இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் என்ற கடற்கரை ஊரில் 14,231 பேர் ஒரே நேரத்தில் கொள்ளையர் வேஷத்தில் கூடி கின்னஸ் சாதனை படைத்தார்கள். இத்தனை பேருக்கும் பைத்தியமா பிடித்திருக்கும்? கொஞ்சம் நின்று பார்த்தால் அந்த விளையாட்டுக்குள் ஒரு நியாயமும் ஒரு படிப்பும் இருப்பது தெரியும். அதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

சந்தை பிறந்த கதை

அமெரிக்காவில் 'ரெனைசான்ஸ் ஃபேர்' என்று ஒரு திருவிழா உண்டு. மறுமலர்ச்சிக் காலச் சந்தை என்று சொல்லலாம். பிலிஸ் பேட்டர்சன் என்ற பள்ளி ஆசிரியை, தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் பிள்ளைகளுக்குப் பழைய பாணி நாடகம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரும் கணவர் ரானும் சேர்ந்து 1963 மே மாதம், லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வானொலி நிலையத்துக்கு நிதி திரட்ட இந்தச் சந்தையை நடத்தினார்கள். அது பிடித்துக்கொண்டது. இன்று அமெரிக்கா முழுக்க இப்படிச் சந்தைகள் நடக்கின்றன. டெக்சாஸில் ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் 1974-ல் தொடங்கிய சந்தை மிகப் பெரியவற்றில் ஒன்று.

உள்ளே போனால் முதலாம் எலிசபெத் ராணி காலத்து ஆங்கிலேய கிராமம்! ராணி ஊர்வலம் வருவார். வீரர்கள் குதிரை மேல் ஈட்டிச் சண்டை போடுவார்கள். கொல்லர் இரும்பு அடிப்பார், குயவர் சக்கரம் சுற்றுவார். வான்கோழிக் காலைக் கையில் பிடித்துக் கடித்துக்கொண்டே ஜனங்கள் நடப்பார்கள். இதில் விசேஷம் என்னவென்றால், டிக்கெட் வாங்கி வருகிற பார்வையாளரும் வேஷம் போட்டுக்கொண்டு வரலாம். அப்படி வருகிறவருக்கு 'பிளேட்ரான்' என்று பெயர். விளையாட்டு, வாடிக்கையாளர் என்ற இரண்டு ஆங்கிலச் சொல்லையும் ஒட்டிச் செய்த செல்லப் பெயர். கத்தி கொண்டு வந்தால் வாசலிலேயே உறையோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அப்புறம் நீங்கள் கேப்டன்தான், யார் கேட்பது?

ராஜா வேஷம் காசுக்கு, கொள்ளையன் வேஷம் எல்லோருக்கும்

அந்தச் சந்தையில் ஏன் கொள்ளையர் கூட்டம் இவ்வளவு பெருகியது? 2003-ல் வந்த 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' சினிமா ஒரு காரணம் என்பார்கள். உண்மைதான். ஆனால் ஆடைத் தொழில்நுட்பம் படிக்கிற எனக்கு வேறொரு காரணம் கண்ணில் படுகிறது.

பிரபு வேஷம் போட வெல்வெட் வேண்டும், சரிகை வேண்டும், கழுத்தைச் சுற்றிக் கஞ்சி போட்டு மடிப்பு மடிப்பாய் நிற்கும் பட்டி வேண்டும். சீமாட்டி வேஷம் அதற்கும் மேலே. சம்பளம் முழுக்கத் துணிக்கே போய்விடும். கொள்ளையனுக்கு? ஒரு தொளதொள சட்டை, முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்ட பழைய பேண்ட், இடுப்பில் ஒரு துணி, தலையில் ஒரு கைக்குட்டை. முடிந்தது வேலை! கிழிந்திருந்தால் இன்னும் நல்லது. புதுத்துணியாய் இருந்தால்தான் சங்கடம். அதை டீ டிகாஷனில் முக்கி, உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்க வேண்டியிருக்கிறது!

பரம்பரைப் பெருமை கேட்காத வேஷம் இது. ராணியின் சபையில் நிற்க வேண்டுமானால் நீ யார் மகன், எந்தக் குடும்பம் என்ற கேள்வி வரும். கொள்ளைக் கப்பலில் அந்தக் கேள்வி இல்லை.

கைநாட்டுக்கும் ஒரு ஓட்டு

இது வெறும் கற்பனை என்று நினைக்காதீர்கள். 1724-ல் லண்டனில் கேப்டன் சார்லஸ் ஜான்சன் என்ற பெயரில் கொள்ளையர் வரலாறு ஒன்று வெளிவந்தது. அதில் பார்த்தலோமியு ராபர்ட்ஸ் என்ற கொள்ளையனின் கப்பல் சட்டங்கள் இருக்கின்றன. முக்கியமான விஷயம் எதுவானாலும் ஒவ்வொருவனுக்கும் ஒரு ஓட்டு. கிடைத்ததில் கேப்டனுக்கு 2 பங்கு, சாதாரண மாலுமிக்கு 1 பங்கு, அவ்வளவுதான் வித்தியாசம். வேலையில் கையோ காலோ போனால் பொதுப் பணத்திலிருந்து 800 வெள்ளி நஷ்டஈடு. இரவு 8 மணிக்கு விளக்கணைப்பு. பணம் வைத்துச் சூதாடக் கூடாது. வாத்தியம் வாசிக்கிறவர்களுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு!

அதே காலத்தில் நேர்மையான வியாபாரக் கப்பலில் வேலை பார்த்த மாலுமிக்கு என்ன கிடைத்தது? குறைந்த கூலி, கேப்டனிடம் அடி. எதிர்த்துக் கேட்க நாதி இல்லை. பலர் கொள்ளையரோடு போய்ச் சேர்ந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

சேருகிறவன் சட்டத்தாளில் கையெழுத்துப் போட வேண்டும். எழுதத் தெரிந்தவன் பெயரைப் போட்டான். தெரியாதவன் ஒரு குறியைப் போட்டான். ஓட்டு இருவருக்கும் ஒன்றுதான். இதைப் படித்தபோது என்னால் சும்மா தாண்டிப் போக முடியவில்லை. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் எல்லோரும் கைநாட்டுதான். பாங்கில் மைப்பெட்டியை நீட்டும்போது அப்பா முகம் எப்படிச் சுருங்கும் என்பது எனக்குத் தெரியும். கைநாட்டு வைத்தவனும் சமமாய் உட்கார்ந்த ஒரு இடம், அது திருட்டுக் கப்பலாகவே இருந்தாலும், மனசை இழுக்கத்தானே செய்யும்? வாரம் முழுக்க மேலதிகாரியிடம் திட்டு வாங்கிய ஒருவர் சனிக்கிழமை தலையில் துணியைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவதில் இந்த இழுப்பும் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

பெண்களுக்கும் அங்கே இடம் உண்டு. ஆன் போனி, மேரி ரீட் என்ற இரண்டு பெண்கள் 1720 நவம்பரில் ஜமைக்காவில் கொள்ளைக் குற்றத்துக்காக விசாரிக்கப்பட்டார்கள். அவர்கள் ஆண் சட்டை, நீளக் கால்சட்டை போட்டு, தலையில் கைக்குட்டை கட்டியிருந்தார்கள் என்று சாட்சி சொன்னவளும் ஒரு பெண்தான். இன்று சந்தைக்குக் கத்தியும் தொப்பியுமாக வரும் பெண்ணைப் பார்த்து "பொம்பளைக்கு என்ன கொள்ளையன் வேஷம்" என்று யாராவது கேட்டால், அந்த வழக்கே பதில்.

எது நிஜம், எது கதை?

வேஷம் போடுகிறவன் தேடிப் படிக்க ஆரம்பித்துவிடுகிறான். இந்த விளையாட்டின் பெரிய லாபம் அதுதான். தோளில் கிளியோடு ஒற்றைக்கால் கொள்ளையன் என்பது 1883-ல் புத்தகமாக வந்த ஸ்டீவன்சனின் 'ட்ரெஷர் ஐலண்ட்' நாவல் நமக்குக் கொடுத்த உருவம். அந்த நாவலிலும் அவனுக்கு மரக்கால் கிடையாது, ஊன்றுகோல்தான்! இரும்புக் கொக்கிக் கை 1904-ல் மேடையேறிய 'பீட்டர் பான்' நாடகத்துச் சரக்கு. "ஆர்ர்ர்" என்று கொள்ளையர் உறுமுவதாக எல்லோரும் நினைப்பது 1950-ல் வந்த சினிமாவில் ராபர்ட் நியூட்டன் என்ற நடிகர் பேசிய பேச்சால் பரவியது. இடுப்பில் பளபளவென்று பட்டைத் துணி சுற்றிய அழகு, ஹோவர்ட் பைல் என்ற அமெரிக்க ஓவியரின் தூரிகையால் நிலைத்தது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு தீவிரமாய் இறங்குகிறவர்கள் தனி ரகம். ஜிப் கூடாது, எலாஸ்டிக் கூடாது. அந்தக் காலத்தில் தையல் மெஷினே இல்லை என்பதால் வெளியே தெரியும் தையலைக் கையால் போடுகிறார்கள். லினன் நூலைத் தேன்மெழுகில் இழுத்துத் தைக்கிறார்கள். நீளக் கோட்டின் பக்கவாட்டு மடிப்புக்கும் அகலமான கை மடிப்புக்கும் பழைய உடைகளைப் பார்த்து அளவெடுக்கிறார்கள். நாம் பட்டறையில் ஒரு பித்தான் துளைக்கு முகம் சுளிக்கிறோம். அவர்கள் சம்பளம் இல்லாமல், சந்தோஷத்துக்காக ஒரு கோட்டில் முப்பது துளை தைக்கிறார்கள்!

இவர்களுக்கும் ஜாலிக்காக வருகிறவர்களுக்கும் ஒரு ஓயாத சண்டை உண்டு. எலிசபெத் ராணி 1603-லேயே காலமாகிவிட்டார். கருந்தாடி என்று பெயர் பெற்ற கொள்ளையன் எட்வர்ட் டீச் செத்தது 1718-ல். ராணி காலத்துச் சந்தையில் இவனுக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதே ராணி, ஸ்பெயின் நாட்டுக் கப்பல்களைச் சூறையாடி உலகைச் சுற்றி வந்த பிரான்சிஸ் டிரேக்குக்கு 1581-ல் சர் பட்டம் கிடைக்கச் செய்தாரே! ஸ்பெயின்காரனுக்கு அவர் கொள்ளையன், இங்கிலாந்துக்கு மாவீரன். அதனால் தொப்பியின் வெட்டு வேண்டுமானால் காலம் தப்பியிருக்கலாம். கடற்கொள்ளையன் அந்த ராணியின் சந்தைக்கு அந்நியன் கிடையாது.

மறுபக்கம்

"எல்லாம் சரி, கொலைகாரனைக் கொண்டாடலாமா?" என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும்.

1695-ல் ஹென்றி எவ்ரி என்ற ஆங்கிலக் கொள்ளையன், மெக்காவிலிருந்து யாத்ரீகர்களோடு சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஔரங்கசீப்பின் 'கன்ஜ்-இ-சவாய்' கப்பலைப் பிடித்தான். பயணிகளைச் சித்திரவதை செய்தார்கள், பெண்களைச் சீரழித்தார்கள். 1712-ல், அதாவது பதினேழே வருஷத்தில், அவனை வைத்து லண்டன் மேடையில் நாடகம் போட்டுவிட்டார்கள்! அடிபட்டவன் வீடு தூரத்தில் இருந்தால் வேடிக்கை சீக்கிரம் வந்துவிடுகிறது.

கருந்தாடியின் கப்பலும் ஆப்பிரிக்க அடிமைகளை ஏற்றிவந்த பிரெஞ்சுக் கப்பல்தான். கப்பலைப் பிடித்தபோது அடிமைகளில் பெரும்பாலோரை ஒரு தீவில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி அவர்களைப் பிடித்து விற்கக் கொண்டுபோனார்கள். ஒருவனுக்கு ஒரு ஓட்டு என்ற சமத்துவம் அவர்கள் வரைக்கும் போகவில்லை. அந்தக் கப்பலின் சிதைவு 1996-ல் வட கரோலினா கடலில் கிடைத்தது. அதன் பொருட்களை பியூஃபோர்ட் ஊர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

பழைய கதையை விடுங்கள். 2010 செப்டம்பரில் சோமாலியக் கொள்ளையர் 'அஸ்ஃபால்ட் வென்ச்சர்' கப்பலைப் பிடித்தார்கள். கப்பலை விட்ட பிறகும் 7 இந்திய மாலுமிகளைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அவர்கள் விடுதலையானது 2014 அக்டோபரில். நாலு வருஷம்! அந்த ஏழு வீட்டில் யாருக்காவது கொள்ளையன் தொப்பி சிரிப்பாக இருக்குமா?

அதற்காக விளையாட்டை நிறுத்து என்று நான் சொல்லமாட்டேன். சந்தைக்குப் போகிறவன் எவனும் கொள்ளையடிக்கப் பழகப் போவதில்லை. அவன் கத்தி வாசலிலேயே கட்டப்பட்டுவிட்டது. நான் கேட்பது ஒன்றுதான்: வேஷத்தைப் போடு, கதையை முழுசாகச் சொல். 800 வெள்ளி நஷ்டஈட்டைச் சொல்கிற வாயால் தீவில் விடப்பட்ட அடிமைகளையும் சொல். டிரேக்கைச் சொன்னால் எவ்ரியையும் சொல். அப்படிச் சொல்கிறவனின் வேஷம் பாடம் நடத்தும். சொல்லாதவனின் வேஷம் வெறும் துணி.

துணியும் பேசும்

துணி என்றதும் ஒரு விஷயம். தலையில் கட்டும் 'பண்டானா' என்ற சொல்லே இந்திச் சொல்லிலிருந்து போனது. நம் மதுரைச் சுங்குடி போல முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கிற துணிக்கு அந்தப் பெயர். போனியின் கேப்டன் ஜாக் ராக்கம், 'காலிகோ' துணி உடுத்தியதால் 'காலிகோ ஜாக்' ஆனான் என்பார்கள். காலிகோ என்றால் கோழிக்கோட்டுப் பருத்தித் துணி! நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் சாயத்துணி கப்பல் கப்பலாய்ப் போனது. அது அங்கே விற்ற வேகத்துக்குப் பயந்துதான் இங்கிலாந்து 1700-லும் 1721-லும் சட்டம் போட்டு இந்திய அச்சுத் துணியைத் தடுத்தது. கொள்ளையன் தலைத்துணியைப் பார்க்கிறபோது எனக்குத் தறிக்காரன் ஞாபகம் வருகிறது. அவன் பெயர் எந்தச் சட்டத்தாளிலும் இல்லை.

ஆகவே நண்பர்களே, வேஷம் போடுகிறவனைப் பார்த்து "வேலையத்தவன்" என்று சொல்லும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தச் சட்டை யாருடையது? இதைத் தைத்தது யார்?" பதில் தெரிந்தவனாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேளுங்கள். தெரியாதவனாக இருந்தால் சேர்ந்து தேடுங்கள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று கேலியாய்ச் சொல்வார்கள். மீசைக்கு ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. ஒட்டு மீசையாக இருந்தாலும் விவரம் தெரிந்து ஒட்டுவோம்!

— இரண்டாம் ஆண்டு, டிப்ளமோ ஆடைத் தொழில்நுட்பம்