பிரயாணிகள் கவனத்திற்கு: வானத்துக் குலுக்கலும் இடுப்புப் பட்டையும்

சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பெற்றோர்கள் ஆல்பனி வட்டாரத்து அன்பர்களின் இல்லங்களுக்கு வந்து போவது ஆண்டுதோறும் நடப்பதே. பேரக்குழந்தையைப் பார்க்கவும், பிரசவத்துக்கு ஒத்தாசையாக இருக்கவும் வரும் இப்பெரியவர்கள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டே விமானம் ஏறுகிறார்கள். அந்தப் பிரார்த்தனையோடு இன்னொன்றும் அவசியம். இருக்கையில் இருக்கும் நேரம் முழுவதும் பெல்ட்டைக் கழற்றக் கூடாது.

2024 மே 20 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்ட சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்தில் 211 பிரயாணிகள் இருந்தனர். அவர்களில் 23 பேர் நியூசிலாந்தினர். மறுநாள் மியான்மார் நாட்டின் மேல், ஏறத்தாழ 37,000 அடி உயரத்தில், அது பலமாகக் குலுங்கிற்று. பெல்ட் கட்டாதவர்கள் ஒரு விநாடிகூட ஆகுமுன் மேலே தூக்கி எறியப்பட்டனர். அடுத்த 4 விநாடிக்குள் கீழே விழுந்தனர். இதற்குள் விமானம் இறங்கியது 178 அடிதான் என்று சிங்கப்பூர் விசாரணை அதிகாரிகள் கண்டறிந்தார்கள். 73 வயதான ஒருவர் உயிரிழந்தார். மாரடைப்பாக இருக்கலாம் எனக் கருதப்பட்டது. பாங்காக் மருத்துவமனையில் 22 பேர் முதுகெலும்பு, தண்டுவடக் காயங்களுக்குச் சிகிச்சை பெற்றனர்.

இந்தியாவிலும் இது நடந்ததுண்டு. 2022 மே 1 அன்று மும்பையிலிருந்து துர்காப்பூர் சென்ற ஸ்பைஸ்ஜெட் விமானம் இறங்கும் வேளையில் குலுங்கியதில் பலர் காயமுற்றனர். முதுகெலும்பில் அடிபட்ட ஒருவர் சில மாதங்களுக்குப் பின் காலமானார்.

2024 மார்ச் 11 அன்று சிட்னியிலிருந்து ஆக்லாந்து வந்த லாட்டாம் விமானத்தில் சுமார் 50 பேர் காயமுற்றதும் நினைவிருக்கும். அதற்குக் காரணம் காற்றல்ல. விமானியின் இருக்கை திடீரென முன்னே நகர்ந்ததாக விசாரணையில் தெரிய வந்தது. எனினும் பெல்ட் கட்டாதவர் கூரையில் மோதியது அங்கும் நடந்ததே.

இடிமேகத்தில் உள்ள மழையை விமானத்தின் ராடார் காட்டும். மேகமே இல்லாத தெளிந்த வானில், வேகக் காற்று வீசும் இடங்களில் உண்டாகும் குலுக்கலை அது காட்டாது. ஆகவே விளக்கு எரிந்த பிறகு கட்டிக்கொள்ளலாம் என்றிருப்பது போதாது. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்.

பெரியவர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியவை:

பெல்ட் வயிற்றின் மேல் அல்ல, இடுப்பெலும்பை ஒட்டித் தாழ்வாக இறுக்கமாக இருக்க வேண்டும். போர்வைக்கு மேலே கட்டினால், பணிப்பெண் பார்ப்பதற்காகத் தூக்கத்தில் எழுப்ப மாட்டார். குலுக்கல் தொடங்கும்போது நடைபாதையில் இருந்தால், தன் இருக்கையைத் தேடி ஓடாமல் அருகில் காலியான இடத்தில் உட்கார்ந்து கட்டிக்கொள்ளலாம். சூடான காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உறங்கலாகாது. பித்தளைக் குத்துவிளக்கு, ஊறுகாய் ஜாடி போன்ற கனத்த பொருள்கள் தலைக்கு மேலுள்ள பெட்டியில் வேண்டாம். அவற்றைப் பெரிய பெட்டியில் கட்டி அனுப்புவதே நல்லது.

மற்றொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. நியூசிலாந்தில் விபத்துக்குள்ளாகும் விருந்தினருக்கும் ஏ.சி.சி. சிகிச்சைக்கு உதவுகிறது. ஆனால் இந்நாட்டுக்கு வரும் விமானத்திலோ, திரும்பிச் செல்லும் விமானத்திலோ, அதில் ஏறி இறங்கும்போதோ அடிபட்டால், இங்கே நிரந்தரமாக வசிக்காத பெற்றோருக்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது. விமானம் ஆக்லாந்து வானத்தில் இருந்தாலும் அப்படியே. ஆகையால் பிரயாண இன்ஷூரன்ஸ் வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை இருக்க வேண்டும். பழைய நோய்களை அதில் மறைக்காமல் எழுதுவது முக்கியம்.

1999 ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சர்வதேசப் பிரயாணத்தில் விமானத்துக்குள் விபத்தால் காயமுற்றவர் விமானக் கம்பெனியிடம் நஷ்டஈடு கோரலாம். வழக்குக்குக் கெடு இரண்டு ஆண்டுகள். அடிபட்டவர் "ஒன்றுமில்லை, சரியாகிவிடும்" என்று சும்மா இறங்கி வந்துவிடாமல், விமான ஊழியரிடம் சொல்லி எழுத்தில் பதிவு செய்விக்க வேண்டும். டிக்கெட், போர்டிங் பாஸ், டாக்டர் சீட்டு மூன்றையும் பத்திரப்படுத்த வேண்டும்.

ஆங்கில அறிவிப்பு புரியாத தாய் தந்தையர் பலர் துணையின்றியே வருகிறார்கள். புறப்படுவதற்கு முன் தொலைபேசியில் பேசும்போது, சாப்பாடு, மருந்து, பாஸ்போர்ட் பற்றிச் சொல்லும் பிள்ளைகள் பெல்ட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை தமிழில் சொல்லி வைப்பது கடமையாகும். அனைவரும் க்ஷேமமாக வந்து சேர ஆண்டவன் அருள் புரிவானாக.