விலக்கு ஆளுக்கா, பயணத்துக்கா?

கொரோனா காலத்தில் இங்கிலாந்தின் மருத்துவமனைகளிலும் முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும் ஒரு கேள்வி அடிக்கடி எழுந்தது. "நான் அத்தியாவசியப் பணியாளர். ஊரே முடங்கிக் கிடந்தபோதும் தினமும் வேலைக்குப் போனேன். பள்ளிகளை மூடியபோதும் என் பிள்ளைக்கு வகுப்பில் இடம் கொடுத்தார்கள். வெளிநாட்டில் விடுமுறையைக் கழித்துத் திரும்பும்போது மட்டும் நான் ஏன் வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டும்?"

இப்படிக் கேட்டவர்களைக் குறுக்குவழி தேடியவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்களுடைய குழப்பத்துக்கு அரசு விதிகளை அறிவித்த விதமும் காரணம். ஆனாலும் கேள்விக்கான பதில், விலக்கு கிடையாது என்பதுதான். அது ஏன் சரியான பதில், அதில் எங்கே அநியாயம் நடந்தது என்பதைப் பொறுமையாகப் பார்க்கலாம். அடுத்த பெருந்தொற்றின்போதும் இதே கேள்வி வரத்தான் போகிறது.

2020 ஜூன் 8 முதல் பிரிட்டனுக்குள் வருபவர்கள் 14 நாட்கள் தனிமையில் இருக்க வேண்டும் என்ற விதி அமலுக்கு வந்தது. எந்த விமானம், எந்த முகவரியில் தங்கப்போகிறீர்கள், எந்த எண்ணில் அழைக்கலாம் என்றெல்லாம் கேட்கும் இணையப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் 100 பவுண்டு அபராதம். தனிமையை மீறினால் இங்கிலாந்தில் 1,000 பவுண்டு. கூடவே ஒரு விலக்குப் பட்டியலும் வந்தது. லாரி ஓட்டுநர்கள், கப்பல் பணியாளர்கள், விமானப் பணிக்குழுவினர், ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்தில் ரயில் ஓட்டுபவர்கள் என்று அது நீண்டது. வரிசையாகத் தொழில்களின் பெயர்களாகவே இருந்ததால், தன் தொழில் அதில் இருந்தால் தனக்கு விலக்கு உண்டு என்று பலர் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் அந்தப் பட்டியல் வேறொன்றைப் பார்த்தது. ஸ்பெயினிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு டோவர் துறைமுகத்தில் இறங்கும் ஓட்டுநருக்கு எல்லை தாண்டுவதே வேலை. ஒவ்வொரு நடைக்கும் அவரை 14 நாள் உட்காரவைத்தால் மாதத்துக்கு இரண்டு நடைகூடத் தேறாது, கடைகளில் தட்டுகள் காலியாகும். அதனால் அந்தப் பயணத்துக்கு விலக்கு. அதே ஓட்டுநர் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய் ஒரு வாரம் தங்கித் திரும்பினால், அவருடைய தொழில் மாறவில்லை, ஆனால் பயணத்தின் காரணம் மாறிவிட்டது. பழம் பறிக்க வெளிநாட்டிலிருந்து வந்த பண்ணைத் தொழிலாளர்களின் நிலையும் இதை விளக்கும். அவர்களைப் பண்ணையில் வேலை செய்ய அனுமதித்தார்கள். ஆனால் தங்குவதும் உழைப்பதும் அதே பண்ணைக்குள்தான், வெளியே நடமாடக் கூடாது. வேலை நடக்க எவ்வளவு தேவையோ அவ்வளவே விலக்கு.

மருத்துவத் துறையில்தான் சிக்கல் கூடியது. தொடக்கத்தில் பதிவுபெற்ற மருத்துவ, பராமரிப்புப் பணியாளர்களுக்கும் விலக்கு இருந்தது. ஆட்கள் போதாத நேரத்தில் தாதியரையும் மருத்துவரையும் இரண்டு வாரம் வீட்டில் வைத்திருக்க வேண்டாம் என்ற எண்ணத்தில் கொடுத்தது அது. 2020 ஜூலை இறுதியில் இங்கிலாந்து அதைத் திரும்பப் பெற்றது. தொற்று மிகுந்த நாடுகளிலிருந்து திரும்பினால் அவர்களும் தனிமையில் இருக்க வேண்டும் என்றானது. அதற்குள் முதல் அறிவிப்பைக் கேட்டவர்கள் ஒரு பதிலோடும், இரண்டாவதைக் கேட்டவர்கள் வேறொரு பதிலோடும் இருந்தார்கள். ஒரே வார்டில் ஒருவருக்கொருவர் முரணாகச் சொல்லிக்கொண்டதில் வியப்பில்லை.

விலக்கை நீக்கியது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். கொரோனா தொற்றினால் அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து நாள், சிலருக்கு 14 நாள் வரைகூட ஆகும். அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றியவர் மற்றவருக்குப் பரப்பத் தொடங்கிவிடலாம். வந்திறங்கிய அன்று எடுக்கும் பரிசோதனை, முந்தைய நாள் தொற்றியதைக் காட்டாமல் போகலாம். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்ற சொந்த உணர்வை நம்பி வேலைக்குப் போக முடியாததற்கு இதுதான் காரணம். அத்தியாவசியப் பணியாளர் யாருக்கு அருகில் நிற்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்பவர் ஒரு காலைப்பொழுதில் ஒருவரைக் கைத்தாங்கலாக எழுப்பி உட்காரவைப்பார், அடுத்தவருக்குப் பல் துலக்கிவிடுவார், இன்னொருவருக்குக் கஞ்சியை ஊட்டிவிடுவார். மூன்று பேரும் எண்பதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள். ஒரு கை தூரம்கூட இடைவெளி இல்லாத வேலை அது. வேலை அவ்வளவு முக்கியமானது என்பதே அவரை இன்னும் கவனமாக இருக்கச் சொல்கிறது.

இன்னொரு குழப்பமும் பெரிதாக இருந்தது. 2021 ஜூலையில், தொற்று உள்ளவரோடு தொடர்பில் இருந்ததாகக் கைப்பேசிச் செயலி எச்சரித்து லட்சக்கணக்கானோரை வீட்டில் இருக்கச் சொன்னது. மருத்துவமனைகள் தடுமாறின. இரண்டு தவணைத் தடுப்பூசியும் போட்டுக்கொண்ட முன்களப் பணியாளர்கள், தினமும் பரிசோதனை செய்துகொண்டு, நிர்வாகம் அபாயத்தை மதிப்பிட்ட பிறகு, தவிர்க்க முடியாத நிலையில் மட்டும் வேலைக்கு வரலாம் என்று அரசு அறிவித்தது. தொடர்பில் இருந்ததால் வரும் தனிமைக்கான ஏற்பாடு அது. வெளிநாட்டுப் பயணத்தால் வரும் தனிமை வேறு சட்டம், வேறு விதி. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு, மேலாளர் வரச் சொன்னாரே என்று கிளம்பியவர் சட்டத்தின் முன் மாட்டிக்கொள்ளக்கூடும். வேலைக்கு அழைக்கும் அதிகாரம் மேலாளருக்கு உண்டு, எல்லை விதியைத் தளர்த்தும் அதிகாரம் கிடையாது.

நம்மவர்களை இந்தப் பயணத் தனிமை நேரடியாகத் தொட்டது. 2021 ஏப்ரல் 23 அன்று இந்தியாவும் ஜூன் 8 அன்று இலங்கையும் பிரிட்டனின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அங்கிருந்து திரும்பினால் வீட்டுத் தனிமை போதாது, அரசு ஒதுக்கும் ஹோட்டலில் சொந்தச் செலவில் தங்க வேண்டும். ஒருவருக்கு 1,750 பவுண்டு, பிறகு அது 2,285 ஆக உயர்ந்தது. லண்டனில் தாதியாக இருப்பவர் யாழ்ப்பாணத்தில் அப்பாவின் இறுதிச் சடங்குக்குப் போய்த் திரும்பினாலும் அதே அறை, அதே கட்டணம். அப்படிப்பட்ட பயணத்தை விடுமுறை என்று சொல்லவே மனம் வராது. கிருமி அந்த வேறுபாட்டைப் பார்க்காது என்பதால் தனிமை தேவைதான். ஆனால் கட்டணமும் இழந்த சம்பளமும் அந்த வேறுபாட்டைப் பார்த்திருக்கலாம்.

என் மனக்குறை சம்பளத்தைப் பற்றியதுதான். 2020 ஜூலை 25, சனிக்கிழமை மாலையில், ஸ்பெயினிலிருந்து வருபவர்கள் அன்று நள்ளிரவு முதல் மீண்டும் தனிமையில் இருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். அரசின் அனுமதியை நம்பிப் போனவர்களுக்குச் சில மணி நேர அவகாசம்தான். போக்குவரத்து அமைச்சர் கிராண்ட் ஷாப்ஸே அப்போது அங்கு விடுமுறையில் இருந்தார். அவரும் சீக்கிரமே திரும்பி வந்து தனிமையில் இருந்தார், அதைப் பாராட்டலாம். ஆனால் அமைச்சர் வீட்டிலிருந்தே கோப்பு பார்க்கலாம். முதியவரைக் குளிப்பாட்டுபவருக்கு அந்த வசதி கிடையாது. பயணத் தனிமைக்குச் சட்டப்படியான நோய்க்கால ஊதியம்கூடத் தானாகக் கிடைக்கவில்லை. அப்போது வாரத்துக்கு 95.85 பவுண்டுதான் அது, அதுவும் இல்லை. இரண்டு வாரச் சம்பளம் போனால் வாடகை நிற்கும் குடும்பங்களில் விதியை மீறும் ஆசை எங்கிருந்து வருகிறது என்று கேட்கவே தேவையில்லை.

கனடா வேறு வழியில் போனது. தனிமையில் இருப்போருக்கு அங்கே வாரம் 500 டாலர் உதவித்தொகை இருந்தது. பயணம் வேண்டாம் என்று அரசு மாதக்கணக்கில் சொல்லியும் பொழுதுபோக்குக்காகப் போய்வந்தவர்களுக்கு அது கிடையாது என்று 2021 ஜனவரியில் அறிவித்தது. முன்னதாக, டிசம்பரில் கரீபியன் தீவுக்கு விடுமுறை போன ஒன்டாரியோவின் நிதியமைச்சர் ராட் பிலிப்ஸ் பதவி விலக நேர்ந்தது. எச்சரிக்கை தெரிந்தும் உல்லாசமாகப் போனவருக்கு உதவித்தொகையை மறுப்பது நியாயமே. போன பிறகு விதி மாறியவரையும், சாவுக்குப் போனவரையும் அதே கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை.

ஆகவே அடுத்த பெருந்தொற்றின்போது, விடுப்பு கேட்டு விண்ணப்பிக்கும் நாளிலேயே பேச வேண்டியதைப் பேசிவிடுவது நல்லது. திரும்பிய பின் வரக்கூடிய தனிமை நாட்கள் எந்தக் கணக்கில் போகும், ஊதியம் உண்டா, நடுவில் விதி மாறினால் என்ன செய்வது என்பதை நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும். பணியாளரும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வேலை நிமித்தமாக எல்லை தாண்டியவராக இருந்தால், அதற்கான நிறுவனத்தின் கடிதம் கையில் இருக்கட்டும். விடுமுறைக்குப் போய் வந்தவருக்கு அப்படியொரு கடிதத்தை எந்த மேலாளரும் எழுதித் தரக் கூடாது. தந்தாலும் அதை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போகக் கூடாது.