பழகிய சாலை

காரைக்கால் மாவட்டத்தின் வடபகுதியில் உள்ள ஊர் கோட்டுச்சேரி. தரங்கம்பாடியிலிருந்து காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் செல்லும் கடற்கரைச் சாலை இவ்வூரைக் கடந்து போகிறது. ஊராருக்கு அது கடைத்தெருவுக்கும் வயலுக்கும் போகும் வழி. தொலைவிலிருந்து வருபவருக்கோ விரைந்து கடக்க வேண்டிய நெடுஞ்சாலை. ஒருவர் தம் வீட்டு வாசலாகக் கருதும் இடத்தில் மற்றொருவர் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வருகிறார்.

சிற்றூர் மக்கள் சாலை விதிகளை அறியாதவர்கள் என்று நகரத்தார் எண்ணுவதுண்டு. உரிமம் பெற்றவர் விதியை அறிந்தே இருக்கிறார். தம் ஊர்ச் சாலைக்கு அது வேண்டியதில்லை என்று கருதுவதுதான் சிக்கல். ‘இதோ, பக்கத்தில்தான்’ என்னும் சொல் பல வீடுகளில் தலைக்கவசத்தை ஆணியிலேயே தொங்கவிட்டுவிடுகிறது. மேடு பள்ளம், வளைவு, மாடு படுக்கும் இடம் யாவும் அவருக்கு மனப்பாடம். எதிரில் வருபவர் என்ன செய்வார் என்பதை மனப்பாடம் செய்ய இயலுமா? 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி, ஓட்டுபவர் இடரைக் கண்டு பிரேக்கைப் பிடிப்பதற்கு ஆகும் ஒரு நொடியிலேயே பதினாறு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். வீடு எவ்வளவு அருகில் இருந்தாலும் இக்கணக்கு மாறாது.

2022 ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்கிறது சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களுள் ஏறத்தாழ மூவரில் இருவர் ஊரகப் பகுதிகளில் இறந்தவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் 50,029 பேர்.

2019 பிப்ரவரியில் புதுச்சேரியில் தலைக்கவச விதி கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. சட்டமன்ற உறுப்பினர்கள் சிலரே தலைக்கவசங்களை உடைத்துப் போராடினர். விழிப்புணர்வு ஊட்டிய பின்னரே தண்டம் விதிக்க வேண்டும் என்பது எதிர்த்தோர் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. தண்டத்துக்கு மட்டும் அஞ்சுபவர் காவலரைக் கண்டதும் கவசத்தை அணிந்து, அவரைக் கடந்ததும் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிக்கொள்கிறார். ஆயினும், 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமே தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. முப்பது ஆண்டுகளில் வாராத விழிப்புணர்வுக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் காத்திருப்பது?

சாலையைத் தம்முடையதாகக் கருதும் பழக்கம் வண்டி ஓட்டுபவரோடு நிற்பதில்லை. சம்பா அறுவடைக் காலத்தில் காவிரிக் கடைமடைச் சாலைகள் பல, களங்களாகிவிடுகின்றன. நெல்லைப் பரப்பி, வண்டிகள் ஏறாதிருக்கச் சுற்றிலும் கற்களை வைக்கிறார்கள். ஈரநெல்லைக் கொள்முதல் நிலையம் ஏற்பதில்லை. உலர்களம் போதாத ஊரில் உழவரைக் குறைகூறுவது எளிது, முறையன்று. ஆனால், நெல்லை அள்ளிய பின்னும் கற்கள் சாலையிலேயே கிடக்கின்றன. இருட்டில் அவற்றின்மீது ஏறி விழுபவர் அதே ஊர்க்காரராகவும் இருக்கலாம். நேற்றுவரை அங்குக் கல் இல்லை என்று நம்பி வந்தவர் அவர். உலர்களம் அமைத்துத் தருவது அரசின் பணி. பொழுது சாய்வதற்குள் கற்களை ஓரமாக எடுத்துப்போட எந்த ஆணையும் வேண்டியதில்லை.